டிபரன்ஷியல் பூட்டு: அதன் வலியும் காலமும் இடமும்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டி எவ்வகைப் பாதையிலும் செல்லும் என்று பலரும் கூறக் கேட்கின்றோம். அக்கூற்று முழுதும் உண்மையன்று. எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் செல்லுமாறு அமைந்த வண்டியும், அவற்றுள் இரண்டு பிடியிழந்த அளவிலேயே, அடி பெயராது நின்றுவிடுவதுண்டு. மற்றை இரண்டும் உறுதியான பாறைமேல் இருப்பினும் அவை வாளா நிற்கும். பிடியிழந்த இரண்டு மட்டும் ஓலமிட்டுச் சுழலும். இதற்குக் காரணம் வண்டியின் அச்சினுள் அமைந்த டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கோவையாகும். அக்குறையை வேண்டும்பொழுது நீக்குதற்கென்று அமைத்த கருவியே டிபரன்ஷியல் பூட்டு. கருவி வண்டியில் இருத்தல் மட்டும் போதாது. அதனை இடவும் எடுக்கவும் அறிதல் வேண்டும்.

தமிழ் பயிலும் மாணவனுக்குப் பற்சக்கரத்தில் என்ன வேலை என்று நண்பர் சிலர் நகைக்கக்கூடும். இயந்திர நுட்பங்களைத் தமிழில் விளங்க உரைத்தல் இயலாது என்பார்க்கு, உரைத்துக் காட்டுதலே தக்க விடையாம். அன்றியும், இப்பொருளுக்கு வேண்டும் வகுப்பு முறையும் நம் நூலிலேயே உளது. திருக்குறட் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றலைக் கற்றோர் அறிவர். வினைமேற் செல்லும் அரசன் அறியவேண்டிய அம்மூன்றுமே மண்பாதையில் வண்டி செலுத்துவோனும் அறியவேண்டியனவாதலின், அம்முறையைப் பற்றியே இக்கட்டுரை செல்லும். முதற்கண் டிபரன்ஷியல் என்பது யாதெனக் காண்போம்.

டிபரன்ஷியலின் அமைப்பு

மாட்டு வண்டியை நோக்குக. அதன் அச்சு சுழல்வதில்லை. அச்சின் இரு முனைகளிலும் கோத்த சக்கரங்களே தத்தமக்கு வேண்டிய அளவு தனித்தனியே சுழல்கின்றன. வண்டி வலப்புறம் திரும்புங்கால் இடச் சக்கரம் மிகுதியாகவும் வலச் சக்கரம் குறைவாகவும் சுழலும். எருதுகள் வண்டியை இழுக்கின்றனவேயன்றிச் சக்கரத்தைச் சுழற்றவில்லை. ஆதலின் அங்கு இடர் ஒன்றும் இல்லை.

மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதன் எஞ்சின் சக்கரங்களையே சுழற்றுகிறது. இரு சக்கரங்களையும் ஒரே அச்சில் இறுகப் பிணைத்துச் சுழற்றினால் திரும்பும்போது யாது நேரும்? ஒரு சிறு கணக்கினால் இதனை அறியலாம். இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 1.5 மீட்டர் எனவும், சக்கரத்தின் விட்டம் 0.75 மீட்டர் எனவும் கொள்வோம். வண்டி கால்வட்டம் திரும்பினால், வெளிச் சக்கரம் உட்சக்கரத்தைவிட ஏறக்குறைய 2.36 மீட்டர் மிகுதியாக ஓடவேண்டும். அச்சக்கரத்தின் சுற்றளவும் அவ்வளவே. எனவே திருப்பம் குறுகியதாயினும் அகன்றதாயினும், ஒவ்வொரு கால்வட்டத்திற்கும் வெளிச் சக்கரம் ஒரு முழுச் சுற்று மிகுதியாகச் சுழன்றாதல் வேண்டும். இறுகப் பிணைத்த அச்சில் அஃது இயலாது. ஆகவே ஒரு சக்கரம் தரையில் உரைந்து இழுபடும். அன்றேல் அச்சு முறுகி வருந்தும்.

இவ்விடரை நீக்குதற்பொருட்டுப் பிரான்சு நாட்டவராகிய ஒனேசிபோர் பெக்கர் என்பார் 1820-களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென டிபரன்ஷியலை அமைத்தார். 1877-இல் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பார் மூன்று சக்கர மிதிவண்டிக்கு அதனைப் பொருத்தினார். பின்னர் மோட்டார் வண்டிகள் தோன்றியபோது அஃது அவற்றின் இன்றியமையாத உறுப்பாயிற்று.

அதன் தொழில் வருமாறு: எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டு, அச்சின் நடுவேயுள்ள கிரவுன் சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரத்தோடு பிணைந்த கூட்டினுள் சிறு பற்சக்கரங்கள் உள. அவை இடமும் வலமும் செல்லும் இரு அரையச்சுகளின் பற்களோடு கோத்து நிற்கும். வண்டி நேரே செல்லுங்கால் அச்சிறு சக்கரங்கள் தம்மில் தாம் சுழலாமல், கூட்டோடு சுற்றிவந்து இரு அரையச்சுகளையும் ஒரே வேகத்திற் செலுத்தும். வண்டி திரும்புங்காலோ அவை தாமும் சுழன்று, ஒருபுறம் எவ்வளவு சுழற்சி குறைகிறதோ அவ்வளவையும் மறுபுறம் கூட்டிக்கொடுக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உளது. சுழற்சியைப் பகிர்வதில் இத்துணை நெகிழ்ச்சி காட்டும் டிபரன்ஷியல், விசையைப் பகிர்வதிற் சிறிதும் நெகிழாது. இருபுறமும் சரிபாதியாகவே கொடுக்கும். சிறு பற்சக்கரத்தை நடுவிற் பிடித்துத் தள்ளும் ஒரு கோலாக எண்ணுக. கோலின் ஒரு முனையில் எதிர்ப்பே இல்லையாயின், மறுமுனையால் எதனையும் தள்ள முடியாது. கோல் வெறிதே புரளும். அதுபோல, இடச் சக்கரம் சேற்றில் நின்று 20 கிலோ எடைக்கு ஒத்த இழுப்பையே தாங்கும் எனவும், வலச் சக்கரம் கல்லின்மேல் நின்று 300 கிலோ வரை தாங்கும் எனவும் கொள்வோம். அவ்வழி வலச் சக்கரத்திற்குச் செல்வதும் 20 கிலோ அளவே. இரண்டும் கூடி 40. சேற்றிலிருந்து வண்டியை எடுக்க 40 போதாது. ஆகவே வலியுள்ள சக்கரம் தன் வலியைக் காட்ட வழியின்றி நிற்க, வலியற்ற சக்கரம் இருமடங்கு வேகத்திற் சுழன்று குழி தோண்டும்.

நான்கு சக்கர விசையும் அதன் எல்லையும்

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் முன்னச்சு, பின்னச்சு ஆகிய இரண்டிலும் ஒவ்வொரு டிபரன்ஷியல் உளது. இரண்டாம் உலகப் போரிற் புகழ்பெற்றதும், 1947-ஆம் ஆண்டு முதல் மகீந்திரா நிறுவனத்தாரால் பம்பாயில் இணைத்து விற்கப்பட்டதுமாகிய வில்லிஸ் ஜீப்பு இவ்வகையினது. வேண்டும்பொழுது ஒரு கோலைத் தள்ளினால், எஞ்சினின் விசை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் ஒருங்கே செல்லும். வேறு சில வண்டிகள் எப்பொழுதும் நான்கு சக்கரங்களாலும் இழுப்பன. 1970-இல் வெளிவந்த ரேஞ்சு ரோவர் அத்தகையது. அவற்றில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு நடு டிபரன்ஷியலும் இருக்கும்.

இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்திற்கு ஏறும் ஜீப்புப் பாதையைக் கண்டோர், கல்லும் குழியுமாய்க் கிடக்கும் பாதை எத்தகையது என்பதை அறிவர். அத்தகைய பாதையில் இடப்புற முன்சக்கரம் ஒரு பள்ளத்தின்மேல் தொங்க, வலப்புறப் பின்சக்கரம் வேறொரு பள்ளத்தில் தரைதொடாது நிற்பதாகக் கொள்வோம். முன்னச்சில் ஒன்றும் பின்னச்சில் ஒன்றுமாகக் குறுக்குநிலையில் இரண்டு சக்கரங்கள் பிடியிழந்தன. ஒவ்வோர் அச்சிலும் டிபரன்ஷியல் சரிபாதி நீதியையே வழங்குமாதலின், தரையிலுள்ள மற்றை இரு சக்கரங்களும் ஏறத்தாழ விசையற்றனவாகும். நான்கு சக்கர விசையின் எல்லை இதுவே. இவ்வெல்லையைக் கடத்தற்கே பூட்டு வேண்டப்படுகிறது.

வலியறிதல்

பூட்டின் அமைப்பு எளியது. பல்லுடைய ஒரு வளையம் நகர்ந்து, ஓர் அரையச்சை டிபரன்ஷியற் கூட்டோடு பிணைத்துவிடும். பிணைத்தவுடன் சிறு பற்சக்கரங்கள் தம்மிற் சுழல வழியின்மையின், இரு அரையச்சுகளும் ஒரே தண்டெனச் சுழலும். மேலே காட்டிய கணக்கின்படி, சேற்றிலுள்ள சக்கரம் 20 கிலோவும் கல்லின்மேல் உள்ளது 300 கிலோவும் இழுக்க, மொத்த இழுப்பு 320 ஆகக்கூடும். எஞ்சினின் வலி மிகவில்லை. வீணாய வழி அடைபட்டது, அவ்வளவே.

இவ்வளையத்தைச் சில வண்டிகளில் கைக்கோலாலும், சிலவற்றில் காற்றழுத்தத்தாலும், சிலவற்றில் மின்விசையாலும் நகர்த்துவர். 1979-இல் வெளிவந்த மெர்சிடிஸ் ஜி-வகை வண்டி இத்தகைய பூட்டுகளாற் பெயர்பெற்றது. நம் நாட்டில் போர்ஸ் நிறுவனத்தாரின் கூர்க்கா வண்டி முன்னச்சு, பின்னச்சு இரண்டிற்கும் பூட்டுடையது. ஓட்டுவோன் இட வேண்டாது தானே பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. சுழலும் சக்கரத்தைப் பிரேக்கினால் தானே பிடித்து, மறு சக்கரத்திற்கு விசையை ஏற்றும் மின்னணு அமைப்பும் இக்கால வண்டிகள் பலவற்றில் இருக்கிறது. இவை நல்லனவே, எனினும் சக்கரம் சிறிது வழுக்கிய பின்னரே செயற்படுவன. கையால் இடும் பூட்டோ வழுக்குமுன் காப்பது.

வலியறிதல் என்பது வலியின் எல்லையை அறிதலுமாம். பூட்டு இருக்கும் பிடியைப் பயன்படுத்துமேயன்றி, இல்லாத பிடியைப் படைக்காது. தேய்ந்த டயரோடு ஈரக் களிமண்ணில் நான்கு சக்கரங்களும் வழுக்குமாயின், பூட்டியபின் நான்கும் ஒற்றுமையாக வழுக்கும், அவ்வளவே வேறுபாடு. வண்டியின் அடிவயிறு மேட்டில் அமர்ந்து சக்கரங்கள் தரையிற் பொருந்தாவிடின், பூட்டினால் ஆவது ஒன்றுமில்லை. மண்வெட்டியே அங்குத் துணை. ஆழ்ந்த மணலில் டயரின் காற்றைத் தக்க அளவு குறைத்தல், பூட்டினும் முன்னர்ச் செய்யவேண்டிய வேலையாகும். காற்றுக் குறைந்த டயர் நீண்டு படிந்து, மணலிற் புதையாது மிதந்து செல்லும். வலிய தரையை அடைந்தபின் மீண்டும் காற்றடைத்தல் வேண்டும்.

காலமறிதல்

பூட்டைக் கையாளுவதில் நேரும் தவறுகளுட் பெரும்பாலன காலம்பற்றியனவே. வண்டி சேற்றில் ஆழ்ந்து, சக்கரம் அச்சளவு புதைந்த பின்னர்ப் பூட்டை நாடுதல் ஒரு தவறு. அதனினும் கொடியது, சக்கரம் விரைந்து சுழன்றுகொண்டிருக்கும்போதே பூட்டை இடுதல். ஒரு சக்கரம் நிற்க மற்றொன்று பேர்வேகத்திற் சுழலுங்கால் பல்லோடு பல் திடுமெனச் சேருமாயின், பல் முரியும். சிலபோது அரையச்சே முறிந்து, மனிதர் நடமாட்டமற்ற காட்டில் வண்டி கிடக்க நேரும்.

ஆகவே செய்யத்தக்க முறை இது. பாதை கெடுமிடம் கண்ணுக்குப் புலனாகும்போதே வண்டியை நிறுத்துக. ஐயமுள்ள இடமாயின் இறங்கி நடந்து பார்க்க. எந்தச் சக்கரம் எந்தக் கல்லின்மேல் ஏறும், எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்று மனத்திற் குறித்துக்கொள்க. பின்னர் ஸ்டீரிங்கை நேராக்கி, நான்கு சக்கர விசையையும் தாழ்வகைக் கியரையும் முதலில் இட்டு, அதன்பின் பூட்டை இடுக. பற்கள் எதிரெதிரே நேர்படாவிடின் பூட்டு உடனே விழாது. வண்டியை ஓரடி ஈரடி மெல்ல நகர்த்தினால் விழும். பூட்டியதை அறிவிக்கும் விளக்கு உண்டாயின் அது நிலைத்து எரிதலைக் கண்ட பின்னரே முன்செல்க. செல்லுங்கால் நடையினும் மெல்லிய வேகமே போதும். ஆக்ஸிலேட்டரை ஒரே சீராக மிதித்தலும், இடையில் விடாமையும் வேண்டும்.

முன்னரே புதைந்துவிட்ட வண்டியாயின், முதலிற் செய்யவேண்டியது சக்கரம் சுழலுவதை நிறுத்துதல். ஒவ்வொரு சுழற்சியும் குழியை ஆழமாக்கும். சக்கரங்கள் முற்றும் நின்றபின், அவற்றின் முன்னுள்ள மண்ணை அகற்றிக் கல்லோ தழையோ இட்டு, அதன்பின் பூட்டி, மெல்ல எடுத்தல் நலம்.

இடுதற்குக் காலம் உள்ளதுபோல எடுத்தற்கும் காலம் உண்டு. இவ்வறிவை நம் உழவர் டிராக்டரிலேயே காணலாம். டிராக்டரின் பின்னச்சிலும் டிபரன்ஷியற் பூட்டு உளது. சேற்று வயலில் ஒரு சக்கரம் அமிழ்ந்து சுழலுங்கால், ஓட்டுவோன் அதனை நிறுத்தி, பூட்டுக்குரிய மிதியைக் காலால் அழுத்திக்கொண்டு மெல்லச் செலுத்துவான். சக்கரம் வெளிவந்து, காலை எடுத்தவுடன், வில்லின் விசையால் பூட்டு தானே விலகும். மிதித்துள்ள அளவே பூட்டு. காலை எடுத்தால் பூட்டில்லை. மிதியில்லாத வண்டியை ஓட்டுவோன் இக்கட்டுப்பாட்டைத் தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளவேண்டும். இடர் கடந்து உறுதியான தரையில் நான்கு சக்கரங்களும் பொருந்தியவுடன் பூட்டை விலக்குக. அச்சு முறுகியிருப்பின் கோலைத் தள்ளியும் பூட்டு விலகாது நிற்பதுண்டு. அப்போது வலிந்து இழுக்கவேண்டா. வண்டியை நேராகச் சிறிது பின்னோக்கிச் செலுத்தினால் முறுக்குத் தளர்ந்து தானே விலகும்.

இடனறிதல்

ஆழ்ந்த வண்டித்தடம், கல்லடுக்கு, மணல், ஓடைக்கரையின் ஏற்றம், சேறு ஆகியன பூட்டுக்குரிய இடங்கள். இவற்றிலும் நேராகச் செல்லும் பகுதியே அதற்குச் சிறந்தது. தரை நெகிழ்ச்சியுடையதாதலின், இரு சக்கரங்களும் ஒரே வேகத்திற் சுழல்வதால் வரும் சிறு வேறுபாட்டை மண் ஏற்றுக்கொள்ளும். தார்ச்சாலையும் காய்ந்த சிமெண்டுத் தளமும் அதனை ஏற்கமாட்டா. முன்னர்க் கூறிய ஒரு சுற்று வேறுபாடு செல்ல இடமின்றி டயரைத் தேய்க்கும், அச்சை முறுக்கும், வண்டியைத் திரும்பவொட்டாது நேரே தள்ளும். ஆகவே தார்ச்சாலையிற் பூட்டோடு செல்லுதல் வண்டிக்கும் கேடு, உயிருக்கும் கேடு.

பூட்டுகள் பல உடைய வண்டியில், முதலில் நடுப் பூட்டும், பின்னர்ப் பின்னச்சுப் பூட்டும், இறுதியில் முன்னச்சுப் பூட்டும் இடுதல் முறை. எடுக்குங்கால் இம்முறை தலைகீழாகும். முன்னச்சுப் பூட்டை இறுதிக்கண் வைத்ததன் காரணம், அது திருப்பத்தைத் தடுப்பதாகும். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றாய்ப் பிணைந்தவழி ஸ்டீரிங் கனக்கும். வண்டி ஓட்டுவோன் கருதிய வழியை விட்டு நேரே செல்ல முயலும். வளைவுகள் நிறைந்த வழுக்கு இறக்கத்தில் இஃது அஞ்சத்தக்கது.

இவையனைத்தினும் கருதவேண்டிய இடம் பக்கச்சரிவு. மலையின் இடுப்பைச் சுற்றிச் செல்லும் ஈரப்பாதையில், ஒருபுறம் மலையும் மறுபுறம் பள்ளமுமாக வண்டி சாய்ந்து செல்கிறது எனக் கொள்வோம். பூட்டில்லாத அச்சில் ஒரு சக்கரம் வழுக்கிச் சுழன்றால், சுழலாத மற்றொன்று தரையைக் கவ்விக்கொண்டு, வண்டி பக்கவாட்டிற் சரியாது தாங்கும். பூட்டிய அச்சிலோ, வழுக்கினால் இரண்டும் ஒருங்கே சுழலும். சுழலும் சக்கரத்திற்குப் பக்கவாட்டுப் பிடி மிகக் குறைவாதலின், வண்டியின் பின்புறம் பள்ளத்தை நோக்கி நழுவும். முன்னேறுதற்கு உதவிய கருவியே வீழ்ச்சிக்கு ஏதுவாகின்றது. மலைப்பாதையில் வண்டி செலுத்துவோர் வேறெதனை மறப்பினும் இதனை மறத்தலாகாது. அத்தகைய இடத்தில் வண்டியை நிறுத்தி, பயணிகளை மலைப்பக்கமாக இறக்கி, பாதையைச் செப்பம் செய்து, வேண்டுமாயின் திரும்பிச் செல்லுதலே அறிவுடைமை.

பாதையும் பிறர் உடைமை

இன்னும் ஒன்று கூறுதற்குரியது. மண்பாதை வண்டியோட்டி மகிழ்வார்க்கு மட்டும் உரியதன்று. மலைச் சிற்றூர் பலவற்றிற்கு அரிசியும் மருந்தும் செல்வதும், நோயாளி கீழிறங்குவதும் அதன் வழியே. மழைக்காலத்தில் சக்கரத்தை வெறிதே சுழற்றி ஏறுவோன் அப்பாதையில் குழி தோண்டுகிறான். அக்குழியில் மழைநீர் ஓடி வாய்க்காலாகும்; வாய்க்கால் மண்ணை அரித்துப் பாதையைப் பிளக்கும். பின்வரும் ஜீப்பு நோயாளியைத் தாங்கிவருவதாயின், முன்சென்றோனின் செருக்கு எவர்தலையில் விடியும்? தக்க காலத்தில் பூட்டி மெல்லச் செல்வோன் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை; சுழற்றாமையின் பாதையைக் கெடுப்பதுமில்லை. எனவே பூட்டை முறையறிந்து ஆளுதல் தன் வண்டியைக் காப்பது மட்டுமன்று. பின்வருவோர்க்கு வழியை வைத்துச் செல்வதுமாகும்.

முடிவாக ஒன்று கூறுவோம். டிபரன்ஷியலின் சிறப்பு விட்டுக்கொடுத்தல். பூட்டின் சிறப்பு விட்டுக்கொடாமை. நல்ல சாலையில் முன்னது இன்றி வண்டி திரும்பாது. கெட்ட பாதையில் பின்னது இன்றி வண்டி நகராது. ஆகலின் இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா பொருந்தாது. எஞ்சினியர் இரண்டையும் ஒரே அச்சினுள் வைத்துத் தந்துள்ளார். இது நெகிழும் இடமா, இறுகும் இடமா என்று தரையைப் பார்த்துத் துணிதல் ஓட்டுவோனுக்கே விடப்பட்டது. அத்துணிபு வண்டி நின்ற பின்னர் வருவதன்று. அது வண்டி நிற்பதற்கு முன், கண் பாதையை நோக்கும்பொழுதே வரவேண்டுவது.